வீட்டுக்காரரும் அவருடைய கட்டையும்

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் துணி காயப்போட ஒரு கொடி இருந்தது. அதில் பாதி எனக்கு, பாதி புரொப்பெல்லருக்கு. வார்னிஷ் அடித்த மரப் புரொப்பெல்லர் ஒரு பக்கம் தொங்கும்; மிச்சமிருக்கும் இடத்தில் என் புடவையை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நெய்வேலியில் குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் துணியை வெளியே எடுக்க வேண்டும். அனல்மின் நிலையப் புகைபோக்கிப் பக்கமிருந்து வந்தால் வெள்ளைச் சட்டையில் சாம்பல் உட்கார்ந்துவிடும். ஆயுசெல்லாம் இந்த ஊரிலேயே வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது தெரியாது. ஈர வார்னிஷோடு கட்டையைக் கொண்டுபோய்த் தொங்கவிடுவார். சாயங்காலம் பார்த்தால் அதன் மேல் பொடிப்பொடியாகச் சாம்பல் ஒட்டியிருக்கும். "நீ புடவைய இங்க ஒதறினியா?" என்று என்னைக் கேட்பார்.

புரொப்பெல்லர் என்றால் விமானத்தைத் தள்ளுகிற இறக்கை. என் வீட்டுக்காரர் அதைக் கண்டுபிடிக்கிறவர். கல்யாணமான புதிதில் இதை அவர் என்னிடம் சொன்னபோது, "அதத்தான் எப்பவோ கண்டுபுடிச்சிட்டாங்களே" என்று வெகுளியாகச் சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போய்விட்டார். நான் டவுன்ஷிப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் டீச்சர். சொல்லுக்குச் சொல் பொருள் பார்க்கிற பழக்கம். அந்தப் பழக்கத்தை இந்த வீட்டில் வெகு சீக்கிரம் விட்டுவிட்டேன்.

அவருடைய சொந்த ஊர் வடக்குத்துக்குப் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம், அதற்குப் பதிலாகக் கிடைத்த பெர்மனென்ட் வேலை. வேலை பார்த்தது பேட்டர்ன் ஷாப்பில். ஒரு இரும்புச் சாமானை வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதைப் போலவே மரத்தில் ஒன்று செய்ய வேண்டும்; அதை மண்ணில் பதித்துக் குழி எடுத்து, குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மரச் சாமானைச் செய்கிறவர் இவர். எங்கள் சுரங்கத்தில் நிலக்கரியைவிடத் தண்ணீர்தான் அதிகத் தொல்லை. ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பம்புகளுக்குள் சுற்றுகிற சக்கரங்களுக்கு இவர்தான் மரத்தில் அச்சு செய்தார். செய்யச் செய்ய ஒருநாள் தோன்றியிருக்கிறது.

"தண்ணியத் தள்றதும் காத்தத் தள்றதும் ஒரே வேலதான். வளைவு மட்டும் வேற."

இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் என் குடும்பம் நடந்தது. பிள்ளைகள் இருவரும் படித்து வெளியூர் போய்விட்டார்கள். அவர்கள் படிப்புக்குப் போன கவனம் போக வீட்டில் மிஞ்சிய எல்லாமே அந்த வளைவுக்குத்தான் போனது. பண்ருட்டிப் பக்கம் மரவாடிகளில் பலா மரம் தேடுவார். முடிச்சு இல்லாத, ரேகை நேராக ஓடுகிற பலகையாக வேண்டும். ஒரு பெண் பார்க்கப் போனவர் இத்தனை குறை சொன்னால் அந்த வீட்டில் காப்பிகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். பலகைகளை மெல்லிசாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, இறுக்கிக் கட்டி வைப்பார். அது காய்ந்த பிறகு செதுக்குவார். மற்றவர்கள் இறக்கையை நேராகச் செய்கிறார்கள். இவர் நுனியை அரிவாள் மாதிரி பின்பக்கம் வளைத்தார். அப்படி வளைத்தால் சத்தம் குறையும், குறைந்த ஓட்டத்திலேயே வண்டி மேலே எழும்பும் என்பது இவர் கட்சி. அதுதான் கண்டுபிடிப்பு.

டவுன்ஷிப்பில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. எங்கள் பிளாக் முழுக்க இவருக்கு 'ஃபேன்காரர்' என்று பெயர். பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

"டீச்சர், எங்க ஹால் ஃபேன் ரெக்க ஒண்ணு கோணிகிச்சி. சார் கட்டையில ஒண்ணு செஞ்சி குடுப்பாரா?"

"கேட்டுப் பாக்குறேங்க" என்பேன். கேட்டால் இவர் ரெண்டு நாள் பேசமாட்டார்.

ஃபேன் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் யாரும் ஃபேனை நிறுத்துவதில்லை. வெளியே பூட்டிக்கொண்டு போனாலும் உள்ளே அது பாட்டுக்கு ஓடும். எங்கள் வீட்டில் மட்டும் சித்திரை வெயிலில் எல்லா ஃபேனும் நிற்கும். இவர் பேலன்ஸ் பார்க்கிறார் என்று அர்த்தம். புரொப்பெல்லரின் நடு ஓட்டையில் ஒரு கம்பியைச் செருகி, ரெண்டு பக்கமும் தாங்கல் கொடுத்து வைப்பார். எந்தப் பக்கம் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கம் கனம். அதை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு மறுபடி வைப்பார். காற்று பட்டால் கணக்கு தப்பிவிடுமாம். நான் வேர்க்க வேர்க்க விடைத்தாள் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை தாளை எடுத்து விசிறிக்கொண்டேன். அவ்வளவுதான்.

"கொஞ்சம் ஆடாம இரேன்" என்றார்.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டேன்.

"மெதுவா விடு" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார்.

பின்பக்கம் ஷீட் போட்டு ஒரு கொட்டகை இறக்கியிருந்தார். அங்கே ஒரு பழைய ஸ்கூட்டர் இன்ஜினைத் தாங்கலில் நிறுத்தி, அதில் தன் புரொப்பெல்லரைப் பூட்டி ஓட்டிப் பார்ப்பார். வேலியோர முருங்கை இலையெல்லாம் கொட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூணு ஷிஃப்ட் ஆட்களும் தூங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் இவருக்கு அந்த யோசனை வரும். சண்டைக்கு வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். இவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் காற்றுக்கு முன்னால் நிற்பார். கோயிலில்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

இப்படியே ரிடையர்மென்ட் நெருங்கியது. குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்களுக்கு அது வெறும் வேலையை விடுவதில்லை. வீட்டையும் விட வேண்டும். வடக்குத்தில் மனை வாங்கி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சின்ன மனை. கொட்டகைக்கு அங்கே இடமில்லை என்பதை நான் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது, இந்தக் கொட்டகை இருக்கும்வரைதான் தன் காலம் என்று. அத்தனை வருஷம் செய்தும் அவருடைய கட்டை ஒன்றுகூடத் தரையை விட்டு எழும்பியதில்லை. ஒருமுறையாவது அது ஒரு வண்டியைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போக வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. நான் கேட்ட கம்மல்கூட அந்த ஆசைக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றது.

அப்போதுதான் அந்தப் பைலட் கிடைத்தார். கடலூரைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே நீளமாக ஒரு மண் ஓடுதளம். அங்கே அவர் ரெண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று வைத்திருந்தார். விமானம் என்று சொன்னால் நீங்கள் பெரிதாக எதையோ நினைப்பீர்கள். மூணு சக்கரம், முன்னும் பின்னுமாக ரெண்டு இருக்கை, தலைக்கு மேல் பெரிய துணி இறக்கை. கதவு கிடையாது, கூரை கிடையாது. இன்ஜினும் புரொப்பெல்லரும் பின்னால் உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால். இவர் போய்ப் பேசியிருக்கிறார். கொண்டு வாருங்கள், நன்றாக இருந்தால் பூட்டிப் பார்க்கலாம், மழைக்காலம் தொடங்கினால் நான் மூட்டை கட்டிவிடுவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். தன் இன்ஜினில் போல்ட் வரும் இடங்களின் அளவையும் கொடுத்திருக்கிறார்.

அந்த அளவுக்கே ஒன்று செய்தார். அதை என் நல்ல போர்வையில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றினோம். குறிஞ்சிப்பாடியில் கூட்டம் ஏறியது. கண்டக்டர் போர்வையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாது இது?"

"புரொப்பெல்லருங்க."

"அப்படின்னா?"

பின்சீட்டிலிருந்து ஒருவர், "ஃபேன் ரெக்கங்க" என்றார். இவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓடுதளத்தில் பைலட் கட்டையைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். தடவிப் பார்த்தார். "அருமையா இருக்கு சார்" என்றார். இவருக்குக் காது சிவந்துவிட்டது. இன்ஜினில் வைத்துப் பொருத்தினார்கள். போல்ட் உள்ளே போகவில்லை. ஒன்று போனால் எதிர்ப்பக்கம் இருப்பது இடித்தது. திருப்பி வைத்தார்கள். அப்போதும் இடித்தது.

"ஒரு மயிரிழைதான் சார். டிரில் போட்டு ஓட்டையக் கொஞ்சம் பெருசு பண்ணிக்கலாம்" என்றார் பைலட்.

இவர் அவரிடம் ஒரு ஸ்கேல் கேட்டு வாங்கினார். தன் பையிலிருந்து தன் ஸ்கேலையும் எடுத்தார். ரெண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொடக்கத்தைச் சேர்த்துப் பிடித்தார். மறுகோடியில் கோடுகள் சேரவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர அச்சை நிஜ அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், கோடுகளையே கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல் ஒன்று பேட்டர்ன் ஷாப்பில் இருக்கிறது. பார்வைக்குச் சாதாரண ஸ்கேல்தான். ஷாப்பில் தேய்ந்துபோன ஒன்றைக் கழித்தபோது இவர் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். முதலில் ஞாபகமாக அந்தக் கூடுதலைக் கழித்துத்தான் அளந்திருக்கிறார். போகப் போகக் கை அதையே நிஜ அளவு என்று எடுத்துக்கொண்டது. கொட்டகையில் இவர் செய்த கட்டை, அதை ஸ்கூட்டர் இன்ஜினில் மாட்ட இவர் வரைந்து கொடுத்து லேத்தில் கடைந்து வந்த பூட்டு, எல்லாமே அந்த ஸ்கேலின் பிள்ளைகள். ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்தின. வெளியூர் இன்ஜின் ஒன்றின் முன்னால் போய் நின்றபோதுதான் குட்டு உடைந்தது. உலகத்தில் வேறு எந்த விமானக்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

"அதான் பெருசு பண்ணிக்கலாம்னு சொல்றாரே. போட்டுத் தொலைங்க" என்றேன். பஸ்ஸும் வெயிலும் சேர்ந்து எனக்குத் தலைவலி தொடங்கியிருந்தது.

"ஓட்ட பெருசானா உள்ள ஆடும். ஆடுனா கட்ட வெடிக்கும். மேல ஒரு ஆளு குந்திகினு இருப்பாரு இல்ல?"

மறுபடி போர்வை, மறுபடி பஸ். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான். ஒரு மனுஷன் இத்தனை வருஷம் ஒரு வீட்டையே வேர்க்கவிட்டு ஒன்றைச் செய்கிறான், அதை அளந்த கோலே கோணல் என்றால் யார்மேல் கோபப்படுவது?

வீட்டுக்கு வந்ததும் கட்டிலைப் பார்த்தேன். அவர் செய்த கட்டில். மெத்தையைக் கடையில் வாங்கினோம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு சந்து. என் கொண்டை ஊசி, கண்ணாடி, பேனா எல்லாம் அதில்தான் விழும். கடைக்காரன் அளவு குறைத்துக் கொடுத்துவிட்டான் என்று அன்றைக்கு இவர்தான் என்னைச் சண்டைக்கு அனுப்பினார். நானும் போய்ப் பஜாரே பார்க்கும்படி பேசிவிட்டு வந்தேன். அந்த இடைவெளியைக் காட்டி, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றேன். அவர் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆமா. சரியா அதே அளவுதான்" என்றார், என்னவோ பரீட்சையில் விடை கிடைத்த மாதிரி.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. ஒட்டிக் காயவைத்த பலகை இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. கடையில் புது ஸ்கேல் வாங்கி வந்து மறுபடி தொடங்கினார். வடக்குத்தில் மேஸ்திரி ஜன்னல் எங்கே வைப்பது என்று கேட்டுப் போன் போட்டால் எடுக்கமாட்டார். சாமான் கட்டுவதற்கு நான் ஒருத்திதான். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும் முன் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும் என்று சொல்லி ஆள் வரவழைத்தேன். வந்தவர்களிடம், "இந்தப் பக்கம் மட்டும் நாளைக்குப் பிரிங்கப்பா" என்றார் உள்ளேயிருந்து. மறுநாளும் அதையே சொன்னார். கடைசியில் சுற்றியிருந்த ஷீட்டெல்லாம் போய், நாலு கம்பமும் நடுவில் இவரும் கட்டையுமாக நின்றார்கள். தூறல் வந்தபோது என் குடையை எடுத்துப் போய்க் கட்டைக்குப் பிடித்தார். அவர் நனைந்துகொண்டு நின்றார். நான் பாத்திரங்களை நியூஸ்பேப்பரில் சுற்றியபடி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். இந்த ஆளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்விட்டோம். இந்தத் தடவை போல்ட்டுகள் எல்லாம் உள்ளே போயின. ஒவ்வொன்றும் போகும்போது இவர் உதடு அசைந்தது. இன்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். பைலட் தனியாக ஏறி ஓடுதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டினார், திரும்பி வந்தார். பிறகு நிஜமாகவே எழும்பிவிட்டார். சவுக்குத் தோப்புக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கினார்.

"சத்தம் நல்லாவே கம்மி சார். தனி ஆளா சுகமாத் தூக்குது. ரெண்டு பேர் கனத்துல தூக்கணும், அதானே உங்க கணக்கு? வாங்க, ஏறுங்க."

இவர் ஒரு அடி பின்னால் போனார். என் வீட்டுக்காரருக்கு உயரம் ஆகாது. ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றுவதுகூட எங்கள் வீட்டில் நான்தான். விமானத்துக்கு இறக்கை செய்கிறவருக்கு மொட்டை மாடியில் நின்றால் தலை சுற்றும். இதை வெளியில் சொன்னால் யாராவது நம்புவார்களா?

"மணல் மூட்ட ஒண்ணு வச்சிகினா?" என்றார்.

"மூட்டை நகரும் சார். ஆள் உக்காந்தாத்தான் நல்லது."

சுற்றிலும் வேறு யாருமில்லை. வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பைலட் மேகத்தைப் பார்த்தார். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"நான் ஏறுறேன்" என்றேன்.

"நீ வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். இன்னும் ஒரு தடவ எல்லாத்தயும் பாத்துட்டு, அப்பறம்…"

"இப்பத்தானே அவரு சுத்திட்டு வந்தாரு?"

"அவரு பைலட்டு."

எனக்குள் இத்தனை வருஷமாகச் சேர்ந்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"அப்ப ஊரான் ஏறுனா பறக்கும், உன் பொண்டாட்டி ஏறுனா ஒடைஞ்சிடுமா? யாருக்குய்யா செஞ்ச இத?"

அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. பைலட் ஹெல்மெட்டைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். பைலட் பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, கால் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். அந்தச் சமயத்தில்தான் பயம் வந்தது. இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அப்படிப் பேசிய பிறகு எந்த முகத்தோடு இறங்குவது?

முதுகுக்குப் பின்னால் அது சுற்றத் தொடங்கியது. கொட்டகையில் கேட்டுக் கேட்டு நான் சபித்த சத்தமில்லை அது. பட்டுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சீரான சத்தம். மண் தடதடவென்று ஓடியது. பிறகு தடதடப்பு நின்றது. கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். சவுக்கு மரங்களின் உச்சி, அதற்கு அந்தப் பக்கம் கடல். என்னையும் பைலட்டையும் தூக்கிக்கொண்டு பண்ருட்டிப் பலாக்கட்டை ஒன்று போய்க்கொண்டிருந்தது. சிரித்தேனா கத்தினேனா என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஓடுதளத்தில் அவரைத் தேடினேன். வேட்டி தெரிந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் குந்தியிருந்தார். ரெண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தார். எதைப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும் என்று ஆயுசெல்லாம் இழைத்தாரோ அதை அவர் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை.

சக்கரம் தரையில் பட்டு, ஓடி, நின்றது. பைலட் இன்ஜினை அணைத்தார். இவர் எழுந்து வந்தார். பின்பக்கமாகத்தான் வந்தார். புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றி நின்றது. போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பார், கட்டையில் கீறல் இருக்கிறதா என்று தடவுவார், நான் உட்கார்ந்திருப்பதே அப்புறம்தான் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். அதற்குத் தகுந்த நாலு வார்த்தையும் தயாராக வைத்திருந்தேன். அவர் கட்டையைத் தாண்டி நேராக என்னிடம் வந்து பெல்ட்டைக் கழற்ற முயன்றார். மயிரிழை கனத்தைத் தேய்த்து எடுக்கிற விரல்கள். கொக்கி எது, வார் எது என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

"நல்லா தூக்குச்சிங்க" என்றேன். "போய்ப் பாருங்க உங்க கட்டைய."

"அது கெடக்குது" என்றார். "நீ மொதல்ல எறங்கு."